என்னைக் கொன்றவளுக்கு ஒரு விருது

அரிமளம் கடைவீதியில் ரேஷன் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மூக்காயி நான்தான். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக வந்த எனக்குப் பிறந்த கையோடு மூக்கைக் குத்தி, இந்தப் பேரையும் வைத்துவிட்டார்கள். இப்படி ஒரு பேரைக் கேட்டால் எமன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவான் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அப்படியே போனான். ஐம்பது வயசு தாண்டும் வரை எட்டிப் பார்க்கவில்லை. போன ஆடியில்தான் மார்பில் ஒரு கட்டியாக வந்தான். என் கதை கிடக்கட்டும். முதலில் சுடர்விழியைச் சொல்கிறேன்.

சுடர்விழி அந்த ரேஷன் கடையில் அரிசி போடுகிறவள். ஆவுடையார்கோவில் பக்கம் பிறந்து, டவுன் பஸ் கண்டக்டர் செம்மலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவளுடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர். சாமி, சகுனம், ஜோசியம் எதுவும் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று வளர்த்திருக்கிறார். மகளும் அப்படியே. பூனை குறுக்கே வந்தால் பூனைக்கு வழிவிட்டு நிற்பாள், அவ்வளவுதான்.

ரேஷன் கடை வேலை உங்களுக்குத் தெரியாததில்லை. விரலை வைத்தால் மிஷின் படிக்காது. இன்றைக்கு வரும் என்ற லாரி இன்றைக்கு வராது. அந்த நேரத்தில் மற்றவர்களாக இருந்தால் போனைப் பார்ப்பார்கள். இவள் கொலை எழுதுவாள். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கும் பாருங்கள், மாத நாவல், அதில் வருசத்துக்கு இரண்டோ மூன்றோ அவளுடையது வரும். அட்டையில் எவளாவது ஒருத்தி கத்தியோடு நிற்பாள். உள்ளே கத்தியே இருக்காது.

"ஏத்தா, பொம்பளப் புள்ள நீ, ஒரு குடும்பக் கதை எழுதக் கூடாதா? எதுக்குடி இந்த வெட்டுக்குத்து?" என்று ஆரம்பத்தில் நானே கேட்டிருக்கிறேன்.

"குடும்பக் கதை எழுதிப் பாத்தேங்கக்கா. என்னையத்தான எழுதுனேன்னு எங்க மாமியா சண்டைக்கு வந்துட்டாங்க. நாத்தனா பேச்சையே நிறுத்திப்புட்டா. கொலைக் கதைன்னா, அந்தக் கொலகாரி நாந்தான்னு எவ வந்து நிப்பா?"

புத்திசாலிதான். ஆனால் ஊர் அவளைவிடப் புத்திசாலி. கொலைகாரி நான்தான் என்று யாரும் வந்து நிற்கவில்லை. என்னைக் கொல்லு, என்னைக் கொல்லு என்று வந்து நின்றார்கள்.

எல்லாம் ரைஸ்மில் வீரய்யாவால் வந்தது. ஒரு கதையில் கிணற்றில் மிதக்கும் கிழவருக்குப் பேர் வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து எதிரே கார்டை நீட்டிக்கொண்டு நின்றவர் வீரய்யா. அந்தப் பேரையே எழுதிவிட்டாள். கதை அச்சில் வருவதற்குள் மனுசனுக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியிலும் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, மகன்கள் பந்தல்காரனிடம் பேசியும் வைத்துவிட்டார்கள். அந்த வாரம்தான் புத்தகம் கடைக்கு வந்தது. வீரய்யா கிணற்றில் மிதந்த சேதி பஸ் ஏறி ஊர் ஊராகப் போனது. அடுத்த வாரம் அவர் எழுந்து உட்கார்ந்து கறிக்குழம்பு கேட்டார்.

ஒருவர் செத்துப்போனதாகப் பொய்ச் சேதி பரவினால் அவருக்கு ஆயுசு நீளும் என்று நம் பக்கம் நம்புவார்கள் அல்லவா? பிடித்துக்கொண்டார்கள்.

"எமன் அந்தப் புஸ்தகத்தப் படிச்சுட்டான்ல. இவன் சோலிதான் முடிஞ்சுபோச்சேன்னு திரும்பிப் போயிட்டான்" என்று வீரய்யாவே என் கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். இன்றைக்கும் இருக்கிறார். தினமும் வந்து சர்க்கரை தூக்கலாக டீ குடிக்கிறார், சொன்னால் கேட்பதில்லை.

அதற்கப்புறம் ரேஷன் கடை வரிசையில் அரிசி, பருப்போடு இதுவும் சேர்ந்துகொண்டது. "ஏத்தா சுடரு, எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. அடுத்த கதையில கொஞ்சம் கொன்னு விடுத்தா" என்பார்கள். சுடர் தலையில் அடித்துக்கொள்வாள். இதெல்லாம் மூடநம்பிக்கை, டாக்டரைப் பாருங்கள் என்று மணிக்கணக்கில் பேசிப் பார்த்தாள். டாக்டரையும் பார்க்கிறோம், நீயும் கொல்லு என்றார்கள்.

முகத்தில் அடித்தாற்போல மறுக்க அவளுக்கு வராது. கடைசியில் நோயாளி வீட்டுக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிச் சாகணும்னு ஆச, சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். அடி ஆத்தாடி, அந்தக் கேள்வியைக் கேட்டதும் படுத்துக் கிடக்கிறவர்கள் முகத்தில் வரும் களையைப் பார்க்க வேண்டுமே! அய்யாக்கண்ணு தன்னைத் துப்பாக்கியால்தான் சுட வேண்டும் என்றார். அரிவாள் வெட்டு ஊரில் எவனுக்கும் கிடைக்குமாம். அழகம்மாளுக்கு அரக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டுதான் சாக வேண்டும், விஷத்தைப் பாயசத்தில்தான் வைக்க வேண்டும், அதிலும் முந்திரி நிறையப் போட்ட பாயசம். சுடரும் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டு அப்படியே எழுதுவாள். அவர்களில் பிழைத்தவர்களும் உண்டு, போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. பிழைத்தால் சுடர் கைராசி. செத்தால் புத்தகம் வர லேட்டாகிவிட்டது. அச்சில் வந்து நாலு பேர் படித்தால்தான் கணக்கு என்பது ஊர் போட்ட சட்டம். கையால் எழுதி வைத்ததை எமன் படிக்க மாட்டானாம்.

நான் இதையெல்லாம் கேலி பேசித் திரிந்தவள். எந்நேரமும் டீயை ஆற்றிக்கொண்டு, "இன்னிக்கு எத்தன கொலடி?" என்று இங்கிட்டிருந்து கத்துவேன். அவள் அங்கிட்டிருந்து சிரிப்பாள்.

ஒரு தரம் திருக்கோகர்ணம் பக்கம் ஒரு மண்டபத்தில் பெண் எழுத்தாளர்களைப் பாராட்டிக் கூட்டம் போட்டார்கள். அவளுக்கும் அழைப்பு வந்தது. இருக்கிறதிலேயே நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நான் போனேன். மேடைக்குக் கீழே ஒரு பெரிய மனுசர் நின்றுகொண்டு, "நீங்க என்ன எழுதுறீங்கம்மா?" என்று கேட்டார்.

"கிரைம் நாவல் சார்."

"ஓ... அதா..." என்று இழுத்தார். பிறகு என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். ரேஷன் கடை என்றதும் மனுசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. டிபன் பத்துமோ பத்தாதோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். பங்கிட்டுக் குடுக்கிறது ஒங்களுக்குக் கைவந்த வேலைல்ல?"

மேடையில் கவிதை எழுதியவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். இவள் பின்கட்டில் நின்று கேசரியும் வடையும் எடுத்து வைத்தாள். அந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன், இவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். "எனக்குக் கவிதை வரலக்கா. கொலதான் வருது. அது ஒரு குத்தமா?" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

போன ஆடியில் எனக்குக் கட்டி வந்தது. தஞ்சாவூரில் அறுத்து எடுத்தார்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் மருந்து ஏற்றினார்கள். முடி கொத்துக் கொத்தாகப் போனது. மகன் சிங்கப்பூரிலிருந்து கடையை மூடு, மூடு என்று போனில் கத்தினான். மூடிவிட்டு என்ன செய்ய, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கவா? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கடையில் நின்றேன். பயமா என்று கேட்டால், பயம்தான். ஆனால் வரிசையில் நின்றவர்களையெல்லாம் கேலி பண்ணிய வாய் இது, எந்த முகத்தோடு போய்க் கேட்கும்?

மருந்து ஏற்றி வந்து வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த ஒரு மத்தியானம் சுடர் கஞ்சி கொண்டுவந்தாள். என் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"என்னையும் கொன்னு விடுறியாடி?"

அவள் சிரிக்கவில்லை. எப்படிச் சாக ஆசை என்றும் கேட்கவில்லை. கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, என் காலை எடுத்து மடியில் போட்டுப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்படி எழுதியதுதான் 'எதிர்த்த கடை'. கொலைக் கதைகளில் பொதுவாக என்ன நடக்கும்? பிணம் முதல் பக்கத்தில் விழும். அப்புறம் அதை நாய்கூடச் சீண்டாது. துப்பறிகிறவன் பின்னாலேயே கதை ஓடிவிடும். என் விஷயத்தில் அப்படிச் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. செத்துப்போன மூக்காயி கதை முடியும்வரை டீ ஆற்றுகிறாள், சண்டை போடுகிறாள், போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுக்கிறாள். விசாரிக்க வரும் பெண் ஏட்டு, இவள் எப்படிச் செத்தாள் என்று கேட்பதைவிட எப்படி இருந்தாள் என்றுதான் வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். கேட்டுக் கேட்டே ஆளைப் பிடித்துவிடுகிறாள். சுடர் வாசித்துக் காட்டக் காட்ட நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். செத்ததும் நான், ஒப்பாரி வைத்ததும் நான்.

அந்த நேரத்தில்தான் செம்மல் ஒரு சேதி கொண்டுவந்தான். பஸ்ஸில் யாரோ ஒரு டீச்சர் சொன்னார்களாம். பெண்கள் எழுதும் குற்றக் கதைகளுக்கென்றே திருச்சியில் ஓர் அறக்கட்டளை விருது கொடுக்கிறது. அச்சில் வராத நாவலாக இருக்க வேண்டும். பரிசு பெறுவதை அவர்களே புத்தகமாகப் போடுவார்கள். 'எதிர்த்த கடை'யை மாத நாவலுக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்தாள் சுடர். நான்தான் திருச்சிக்கு அனுப்பு என்று பிடிவாதம் பிடித்தேன். எனக்கு வேண்டியது அச்சு, அது கெட்டி அட்டையில் வந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன்.

கார்த்திகையில், மழை விட்ட ஒரு காலையில் கார் ஒன்று வந்து நின்றது. தேவிப்ரியா என்று ஒரு பெண், அந்த அறக்கட்டளையின் செயலாளர். "சுடர்விழி மேடம் இருக்காங்களா?" என்று கேட்டாள். ரேஷன் கடைக்காரியை மேடம் என்று கூப்பிட்டதிலேயே எனக்குப் பாதி நோய் போய்விட்டது. என் கடையில்தான் உட்கார வைத்தோம். நடுவர்கள் எல்லாரும் ஒருமனதாக இவளுடைய நாவலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். போனில் சொல்ல மனசில்லாமல் நேரில் வந்திருக்கிறாள்.

சுடர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள். "கிரைமுன்னு சொல்லித்தான் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தாங்க இந்த விருதே."

நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

டீயைக் குடித்து முடித்த தேவிப்ரியா நிமிர்ந்து என் கடைப் பலகையைப் பார்த்தாள். 'மூக்காயி டீ ஸ்டால்'. பிறகு என் தலையில் இருந்த துண்டைப் பார்த்தாள். "இவங்க..." என்று இழுத்தாள்.

"இவங்கதான். கதையில செத்தது இவங்கதான்" என்றாள் சுடர், ஏதோ பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

தேவிப்ரியாவின் முகம் விழுந்துவிட்டது. "உயிரோட இருக்கிறவங்க பேரு இப்படி அப்படியே வந்தா எங்களால போட முடியாதுங்க. விருது விதியில எழுதியே வச்சிருக்காங்க. பேர மட்டும் மாத்திக் குடுத்துருங்க, வேற ஒரு எழுத்தையும் தொட வேணாம்."

"நானே சம்மதம்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றேன்.

"எங்க வக்கீல் ஒத்துக்க மாட்டாரும்மா. நாளைக்கு ஒங்க வீட்டுல யாருக்காச்சும் வருத்தம் வந்தா?"

"அப்ப நான் செத்துப்போயிட்டா என் பேரப் போடுவீங்களாத்தா?"

அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. பாவம், அது என்ன செய்யும், நல்ல பிள்ளை. என் வாய் அப்படி.

சுடர் எழுந்து நின்றாள். "பேர மாத்த மாட்டேங்க. மன்னிச்சுக்கங்க. நான் மாத நாவலுக்கே குடுத்துர்றேன்" என்றாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வாள்? கறுப்புச் சட்டைக்காரர் மகள், எமன் படிப்பான் என்றா சொல்வாள்? தேவிப்ரியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வரை யோசியுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சுடர் மாட்டேன் என்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்பாடா என்று இருந்தது. மாத நாவல் அடுத்த மாதமே வந்துவிடும், மூக்காயி செத்தாள் என்று பஸ் பஸ்ஸாகப் படிப்பார்கள், நான் பிழைத்துக்கொள்வேன். உயிர்மேல் இருக்கிற ஆசை இருக்கிறதே, அதற்கு வெட்கம் கிடையாது. அப்புறம் எதிர்க் கடையைப் பார்த்தேன். அவள் ஒன்றுமே நடக்காதது மாதிரி யாருக்கோ பருப்பு அளந்துகொண்டிருந்தாள். பொன்னாடையைப் பார்த்துக்கொண்டே வடை பங்கிட்ட அதே முகம். எனக்குச் சோறு இறங்கவில்லை. சீ, இப்படி ஒரு பிழைப்பா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் தேவிப்ரியாவுக்குப் போன் போட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அதுல ஒரு சிக்கலும் இல்லம்மா. தாராளமா வைக்கலாம்" என்றாள்.

மத்தியானம் ரேஷன் கடைக்குப் போனேன். லாரி வரவில்லை, கூட்டமும் இல்லை. சுடர் சாக்கு மேல் உட்கார்ந்து, மாத நாவலுக்கு அனுப்பக் காகிதக் கட்டைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாள்.

"பேர மாத்துடி" என்றேன்.

"மாத்த மாட்டேன்."

"ஒனக்குத்தான் இதுலல்லாம் நம்பிக்கை இல்லையே?"

"எனக்கு இல்ல. ஒங்களுக்கு இருக்குல்லக்கா." அவள் தலை நிமிரவே இல்லை. "ஒங்க பேர அடிக்கப் பேனாவ எடுத்துப் பாத்துட்டேன். கை வரல. நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான் அடிச்சேன்னு தோணும். எங்கப்பா எம்புட்டோ சொல்லிக் குடுத்தாரு. இருந்தும் தோணும்க்கா. எனக்கு விருதும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"வேணாமா? அன்னிக்கு பஸ்ஸுல அழுதது யாருடி, ஒங்க மாமியாளா?"

நான் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

"என்ன பேரு வைக்கணும்னு நான் சொல்றேன், எழுது. சுடர்விழி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அக்கா!" என்றாள்.

"எழுதுனவ தன் பேர வச்சா அவங்களுக்குச் சிக்கல் இல்லையாம். கேட்டுட்டேன். ஊருல இம்புட்டுப் பேரக் கொன்னியே, ஒன்னையக் கொல்லச் சொல்லி எவனாவது கேட்டானா? ஒனக்கு ஆயுசு வேணாமா? நீ நோவுல கெடந்தா ஒனக்கு யாருடி எழுதுவா? நான் கேக்குறேன். ஒன்னையக் கொல்லு."

அவள் உடைந்துவிட்டாள். சின்னப் பிள்ளை மாதிரி என் மடியில் கவிழ்ந்துகொண்டு அழுதாள். "வேணாங்கக்கா. இதெல்லாம் பொய்க்கா. சும்மா ஊருப் பேச்சு. பேருல என்ன இருக்கு, ஒண்ணுமே நடக்காதுக்கா."

"பொய்தானே? அப்புறம் எதுக்குடி அழுவுற? எழுது."

எழுதினாள். மூக்காயியை அடித்துச் சுடர்விழி, மூக்காயியை அடித்துச் சுடர்விழி என்று பக்கம் பக்கமாக எழுதினாள். ஒவ்வொரு தரமும் என் பேர்மேல் கோடு விழுந்தபோது தலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

தை மாதம் திருச்சியில் விழா. கூட்டத்துக்குப் போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போனேன். மருந்து ஏற்றி முடித்தாகிவிட்டது, அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். நல்லபடியாக வரும் என்று நர்ஸம்மா சொல்கிறாள். பயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போகவில்லை.

மேடையில் அவளைக் 'குற்றப் புனைவு எழுத்தாளர் சுடர்விழி' என்று வாய் நிறையச் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். செம்மல் போனில் படம் எடுக்கிறேன் என்று வெறும் தரையை எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு தேவிப்ரியா புத்தம் புதுப் புத்தகத்தைப் பிரித்து, மைக் முன்னால் நின்று முதல் வரியைப் படித்தாள்.

"சுடர்விழி செத்துக் கிடந்தாள். அடுப்பில் பால் மட்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது."

நான் எழுந்து நின்று கை தட்டினேன். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். ஒருவர் உஷ் என்றார். மேடையில் அவள் பொன்னாடையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"நூறு வருசம்டி சுடரு!" என்று கத்திவிட்டு, இன்னும் பலமாகத் தட்டினேன்.